கடைக்கேற்ற சிப்பந்தி

(நம் சங்கத்தின் மயிலாப்பூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசுமாறு பணித்த விஷயம், கடைகளுக்குச் சிப்பந்திகளைத் தெரிந்தெடுக்கும் முறை. சமயமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய இவ்வவையில் தராசையும் கல்லாப்பெட்டியையும் பற்றிப் பேசலாமோ என்று சிலர் கருதக்கூடும். நம்மவருள் ஒரு பகுதியார் கடை வைத்துப் பிழைக்கின்றனர். மற்றொரு பகுதியார் பிறர் கடையில் வேலை பார்த்துப் பிழைக்கின்றனர். இரு பகுதியார் வீட்டிலும் அடுப்பு எரிவது கடையினால்தான். ஆதலின் இதனினும் நமக்கு அணுக்கமான விஷயம் வேறு இல்லை.

சங்கத்தின் முன் ஒரு யோசனை இருப்பதை அங்கத்தினர் அறிவர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில் நம்மவர் நடத்தும் கடைகளில் ஏற்படும் வேலைகள் யாவும் நம்மவர் பிள்ளைகளுக்கே கொடுக்கப்படவேண்டும் என்பதும், அதற்குச் சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் ஒன்றே போதுமானதாகவேண்டும் என்பதும் அந்த யோசனை. அன்பினாற் பிறந்த யோசனையே அது. எனினும் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டால் கடைக்கும் கேடு, அந்தப் பிள்ளைக்கும் கேடு என்பது நம் அபிப்பிராயம். நாம் சொல்ல வந்ததை முன்னரே சுருக்கிச் சொல்லிவிடுகின்றோம். கொள்வோர் முன் நிற்கும் வேலைக்கு உறவு ஒரு தகுதியாகாது. தகுதியுடையாரைத் தேடிக் கொண்டுவந்த பின்னும், அவரை நாள் முழுதும் நிற்கவைத்து வாட்டினால் அத்தகுதி நிலைக்காது. இவ்விரண்டையும் முறையே விளக்குவோம்.

முதலில் நம் ஊர்க் கடைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இன்று பெரும்பெயர் பெற்ற தியாகராய நகர்க் கடைத்தெருவுக்கு வயது ஏறக்குறைய நூறுதான். ஏரியாயிருந்த நிலம் 1920-ஆம் ஆண்டுகளில் மனைகளாக வகுக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கும், பனகால் அரசர் பெயர் அதன் நடுவிலுள்ள பூங்காவுக்கும் இடப்பட்டன. 1928-இல் நல்லி சின்னசாமி செட்டியார் தம் பட்டுக்கடையைச் சிறிய அளவில் தொடங்கினார். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. மாம்பலம் நிலையத்தில் இறங்கினவர் அடுத்த அடியை வைப்பது ரங்கநாதன் தெருவில் ஆதலின், அச்சிறு தெரு பின்னாளில் ஊரிலேயே நெரிசல் மிக்க கடைத்தெரு ஆயிற்று.

அக்காலத்துக் கடைகளில் முதலாளியே ஜமக்காளத்தில் அமர்ந்து, புடைவையைப் பிரித்துக் காட்டி, விலை சொல்லி, பணத்தை வாங்கிக் கல்லாவில் இடுவார். இன்னார் வீட்டில் இன்ன மாதம் கலியாணம் என்பதும், இன்னார் கடன் சொல்லித் தவறாது தருபவர் என்பதும் அவருக்குத் தெரியும். உடன் இருந்த இரண்டொரு பையன்கள் எடுத்துக் கொடுப்பதும் மடித்து வைப்பதுமே செய்தனர். அப்பொழுது பையன் யார் என்பது பெரிய கேள்வியன்று. கடையின் முகம் முதலாளியின் முகமே.

இன்று நிலைமை வேறு. பல மாடிக் கட்டடங்கள், மாடிக்கு மாடி வேறு வேறு சரக்கு, நூற்றுக்கணக்கான சிப்பந்திகள். முதலாளி கணக்கறையில் இருக்கின்றார், அல்லது வெளியூர்க் கிளையில் இருக்கின்றார். கடைக்கு வரும் ஒரு குடும்பம் அவரை ஆயுளில் ஒரு முறையும் காண்பதில்லை. அக்குடும்பத்துக்குக் கடை என்பது தனக்குத் துணி எடுத்துக் காட்டிய அந்தப் பெண்ணே. பில் போட்டுக் கொடுத்த அந்தப் பையனே. அவர்கள் முகம் சுளித்தால் கடை முகம் சுளித்தது. முதலாளி எவ்வளவு நல்லவராயினும் அந்நன்மை அவர்கள் வழியாகவன்றி வெளியே செல்லாது.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கின்றது. அடையாற்றில் ஒரு வீட்டில் இருந்தவாறே கைப்பேசியைத் தொட்டு, வேண்டிய சரக்கை வரவழைத்துக்கொள்ளும் காலம் இது. விலையும் பல வேளைகளில் அங்கே குறைவு. அவ்வாறிருந்தும் ஒருவர் வெயிலில் வண்டி ஏறி, இடிபட்டுக் கடைக்கு வருகின்றார் என்றால் எதற்காக? தொட்டுப் பார்ப்பதற்கும், கேட்டுத் தெரிந்துகொள்வதற்குமே. கேட்டால் சொல்வதற்கு அங்கே தக்க ஆள் இல்லையாயின் அவர் மறுமுறை ஏன் வருவார்?

இனி, கொள்வோர் முன் நிற்பவரிடம் வேண்டப்படும் குணங்கள் யாவை என்று பார்ப்போம். புன்சிரிப்பு, இனிய சொல், கைகூப்பி வரவேற்றல் என்று பலரும் கூறுவர். இவை வேண்டியவையே, ஆயினும் இவற்றைப் பதினைந்து நாளில் கற்பித்துவிடலாம். கற்பித்தற்கு அரியவை வேறு மூன்று.

முதலாவது, செவி கொடுத்தல். வருகின்றவர் கேட்பது ஒன்றாகவும் அவருக்கு வேண்டுவது வேறாகவும் இருப்பதுண்டு. "ஒரு நல்ல சொம்பு கொடுங்கள்" என்று ஒரு புதுமணப்பெண் கேட்டால், குடிக்கவா, பூசைக்கா, ரசம் வைக்கவா என்று கேட்டறிபவனே விற்பனையாளன். கேளாமல் கைக்கெட்டிய சொம்பை எடுத்து வைப்பவன் பாரம் தூக்குபவன்.

இரண்டாவது, சரக்கறிவு. மேற்சொன்ன பெண் ரசத்துக்கென்றே கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஈயச்சொம்பை எடுத்துக் கொடுத்து விலையை மட்டும் சொல்லி அனுப்பினால் நாளை அவள் அதை வெறுமனே அடுப்பில் வைப்பாள். அது உருகி வழியும். சமையலுக்குரிய ஈயம் 232 பாகைச் சூட்டில் இளகிவிடுவது. "ஊற்ற வேண்டியதை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள், அம்மா" என்ற ஒரு சொல் அந்தச் சொம்பைக் காப்பாற்றும். கடையின் பெயரையும் காப்பாற்றும். இங்கே கச்சேரி சாலையில் நூற்றாண்டு கடந்து நடக்கும் டப்பா செட்டி கடையை அறியாத மயிலாப்பூர்க் குடும்பம் உண்டோ? நாட்டு மருந்துக் கடையில் நிற்பவர் அரிசித்திப்பிலி வேறு, கண்டந்திப்பிலி வேறு என்று அறியாதவராயின் என்ன ஆகும்? பிள்ளைபெற்ற வீட்டுக்கு வேண்டியவற்றை ஒரு பாட்டியம்மாள் சீட்டில் எழுதி அனுப்பினால், அதனைப் படித்துச் சரியாகக் கட்டித் தருவதற்குப் பழக்கமும் பொறுப்பும் வேண்டும். உறவுமுறை அங்கே உதவாது.

மூன்றாவது, உண்மை. இதுவே எல்லாவற்றினும் அரியது. பட்டுப்புடைவையில் "சில்க் மார்க்" என்னும் அடையாளச் சீட்டு 2004 முதல் வழங்கிவருகின்றது. அது நூல் தூய பட்டு என்பதற்குச் சான்று. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அச்சீட்டைக் காட்டி, செப்புக் கலந்த ஜரிகையை வெள்ளி ஜரிகை என்று கொள்வோர் நினைத்துக்கொள்ளுமாறு விட்டுவிடுபவன் பொய் சொல்லவில்லை, ஆயினும் ஏமாற்றுகின்றான். "பட்டு சுத்தம், ஜரிகை இந்தத் தரந்தான், அதனாலேயே விலை குறைவு" என்று கேளாமலே சொல்பவன் அன்று ஒரு புடைவையை இழந்தாலும் இழப்பான், அந்த வீட்டுக் கலியாணம் முழுதும் அவன் கடைக்கு வரும். நகைக்கடையிலும் அவ்வாறே. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனி அடையாளம் கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றது. கண்ணாடியைக் கையிற் கொடுத்து, அதனைத் தாமே காட்டும் சிப்பந்தியும் இருக்கின்றார். கேட்டால் மட்டும் காட்டுபவரும் இருக்கின்றார். எவரிடம் மறுபடியும் செல்வோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

இக்குணங்கள் கடைக்கு மட்டும் உரியவையல்ல. மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டு 1872-இல் தோன்றியது. அந்நாள் தொட்டு நெடுங்காலம் இவ்வூரார் சேமிப்பை ஒரு மேசையின் முன் நின்றே ஒப்படைத்துவந்தனர். இவ்வூரில் ஓய்வூதியத்தால் வாழும் முதியோர் மிகுதி. மத்திய சர்க்கார் ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும்; அதனை மின்வழியில் கொடுக்கும் ஏற்பாடு 2014-இல் வந்தது. விரல்ரேகை தேய்ந்து, கருவி ஏற்காமல், மூன்றாம் முறையும் விரலை வைக்கும் எண்பது வயதுப் பெரியவர் முன் நிற்கும் குமாஸ்தா பெருமூச்சு விடுகின்றாரா, "அவசரமில்லை, இன்னொரு விரலை வைத்துப் பார்ப்போம்" என்கின்றாரா என்பதில் அந்தத் தாபனத்தின் மதிப்பு முழுதும் அடங்கியிருக்கின்றது. 1954-இல் அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் தொடங்கிய புற்றுநோய் மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்கு வருவோர் அச்சத்தோடு வருவோர். அவர்களை முதலிற் காண்பவர் வைத்தியர் அல்லர், பெயரைப் பதிபவர். அவருடைய ஒரு சொல் என்ன செய்யும் என்பதை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

இத்தகையோரை எவ்வாறு கண்டறிவது? நம் பெரியோர் இதற்கு வழி வகுக்காமல் இல்லை. திருக்குறளின் அதிகார வைப்பைச் சற்று நோக்குங்கள். 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல்; 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல்; அவற்றின் பின்னரே 53-ஆவதாகச் சுற்றந்தழால் வருகின்றது. ஆராய்ந்து நம்புவதும், ஆராய்ந்து வேலையை ஒப்புவிப்பதும் முன். சுற்றத்தை அணைத்துக்கொள்வது பின். சுற்றத்தை அணைக்க வேண்டா என்று வள்ளுவர் கூறவில்லை; அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் வேலைக்கு ஆள் தெரிவதையும் சுற்றம் பேணுவதையும் வேறு வேறு கடமைகளாகவே வைத்தார். நாம் அவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றோம்.

செட்டிநாட்டு நகரத்தாரைப் பாருங்கள். பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் அவர்கள் கொண்டுவிற்ற காலத்தில் தம்மவரையே பெரிதும் வேலைக்கு அமர்த்தினர் என்பது உண்மையே. ஆயினும் உறவினன் என்பதற்காக எவனும் நேரே பொறுப்பில் அமர்த்தப்படவில்லை. முதலில் பெட்டியடிப் பையன். கணக்கும் கடிதமும் கைவந்தபின் அடுத்தாள். அதன் பின்னரே கடையை நடத்தும் ஏஜெண்டு. ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் எழுதப்படும். தவணை முடிந்ததும் கணக்கு ஒப்புவிக்கப்படும். குலம் அவனை வாயில்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே ஒவ்வொரு படியும் ஏறியது அவன் திறமையால். அவர்களிடமிருந்து நம்மவர் கற்றது முதற்பாதியை மட்டுமே.

இனி நாம் கூறும் சோதனைகள் எளியவை; பணச்செலவு இல்லாதவை.

வேலைக்கு வந்தவரை அறைக்குள் அழைத்துக் கேள்வி கேட்பதற்கு முன், வாயிலில் அரை மணி நேரம் இருக்கச் செய்யுங்கள். வாயிற்காவலரிடமும் தேநீர் கொண்டுவரும் பையனிடமும் அவர் எவ்வாறு பேசுகின்றார் என்பதைக் கவனியுங்கள். முதலாளியிடம் பணிவாகப் பேசுவது எவர்க்கும் எளிது. பின்னர், ஒருவரைக் கொள்வோர்போல் வரச்செய்து, கடையில் இல்லாத சரக்கு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிப்பவர் ஒருவகை, இருப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பவர் ஒருவகை, "எங்களிடம் இல்லை, இன்ன தெருவில் கிடைக்கலாம், அல்லது நான்கு நாளில் வரவழைத்துத் தருகின்றோம்" என்பவர் மூன்றாம் வகை. இம்மூன்றாமவரை விடாதீர்கள். அடுத்து, வந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுமாறு கேளுங்கள்; செவி கொடுத்தாரா என்பது அதனால் விளங்கும். கடைசியாக, பதினைந்து நாள் கடையில் நிறுத்திப் பாருங்கள். அந்நாட்களுக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள். கூலியின்றிச் சோதிப்பது சோதனையன்று, சுரண்டல்.

எவற்றைச் சோதிக்கலாகாது என்பதையும் கூறவேண்டும். நிறம், உயரம், "நல்ல தோற்றம்" என்று விளம்பரங்களில் போடுகின்றார்களே அது, ஆங்கிலத்தில் நாலு சொல், தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் ஆகிய இவற்றுள் எதுவும் கொள்வோர்க்கு ஒரு முழத் துணியைக்கூடச் சரியாக அளந்து தராது.

சில ஆண்டுகளுக்கு முன் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையில் நாம் கண்டதைச் சொல்வோம். கடையின் பெயர் வேண்டா. மடிசார் கட்டும் ஒரு முதிய அம்மையார் ஒன்பது கஜப் புடைவை கேட்டு வந்தார். முதலாளிக்கு உறவினன் என்று தோன்றிய ஓர் இளைஞன் கைப்பேசியினின்று கண்ணை எடாமலே மாடியைக் கை காட்டினான். மாடியில் நின்றவன் அஸ்ஸாம் நாட்டுப் பையன். அவனுக்குத் தெரிந்த தமிழ் சிறிதே. ஆயினும் "ஒன்பது கஜம், அரக்கு, சின்னக் கரை" என்ற சொற்களை அவன் கற்று வைத்திருந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மையாரை அமரச் செய்து, பத்துப் புடைவைகளைப் பிரித்தான். ஒன்றையும் வேண்டாமென்று அவர் எழுந்தபோதும் முகம் மாறாமல், "அடுத்த வாரம் புதுசு வரும், பாட்டி" என்றான். அம்மையார் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். அவ்விருவருள் கடைக்கு உறவினன் யார் என்பதை இவ்வவையோரே தீர்மானிக்கலாம்.

நண்பர்களே, தெரிந்தெடுப்பது பாதி வேலையே. தெரிந்தெடுத்தவரை வைத்துக்கொள்வது மறுபாதி. நம் கடைகள் பலவற்றிலும் பாங்குகளிலும், வாடிக்கைக்காரரின் பெருமையைக் கூறும் பலகை ஒன்று காந்தியடிகள் பெயரால் தொங்குகின்றது. அடிகளார் எழுத்துக்களில் அவ்வாசகம் இருப்பதாக எவரும் காட்டிற்றிலர். அதனை ஒத்த சொற்கள் 1941-இல் அமெரிக்க மோட்டார்க் கம்பெனி அதிகாரி ஒருவர் பெயரால் அச்சாயின. யார் சொன்னதாயினும் நல்ல சொல் நல்ல சொல்லே. நம் வருத்தம் அதுவன்று. அந்தப் பலகையின் கீழே காலை முதல் இரவு வரை நின்று, கால் வீங்கி, இயற்கை உபாதைக்கும் அனுமதி கேட்டுப் போகும் ஒரு பெண், அந்த வாசகத்தை எவ்வாறு நிறைவேற்றுவாள்?

ரங்கநாதன் தெருவின் சிப்பந்திகள் வாழ்வையே கதையாகக் கொண்டு வசந்தபாலன் எடுத்த "அங்காடித் தெரு" திரைப்படம் 2010-இல் வெளிவந்தது. தெற்கு மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் கடையில் நின்று, விடுதியில் நெருங்கிப் படுத்துக் காலம் கழிப்பதை அதிற் கண்டு நகரமே கண்ணீர் விட்டது. கண்ணீரைச் சட்டமாக்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப்பெண்கள், விஜி என்னும் அம்மையார் முன்னின்ற "பெண்கூட்டு" வாயிலாகப் பல ஆண்டு போராடினர். 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமாயிற்று. நம் சட்டப்பேரவை 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. சிப்பந்திகள் யாவர்க்கும் இருக்கை வசதி வேண்டும்; வேலையினிடையே ஓய்வு வாய்க்கும்போது அவர்கள் உட்கார இடங்கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இங்கிலாந்திலோ, கடைப்பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது இருக்கவேண்டும் என்று 1899-இலேயே சட்டம் செய்தனர். நாம் ஒரு நாற்காலி போட நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் பிந்தினோம்.

சட்டம் வந்துவிட்டது, நம்மவர் கடைகளில் நாற்காலி வந்துவிட்டதா? வந்திருந்தாலும் அதில் உட்கார அச்சமின்றி இருக்கின்றதா? சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்று எண்ணும் முதலாளிகள் இன்றும் உளர். களைத்த உடம்பிலிருந்து இனிய சொல் பிறவாது என்பதை அவர்கள் அறியார்போலும். அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்ததையும், வாரத்தில் ஒருநாள் விடுமுறை விதித்ததையும் இங்கே நினைவூட்டுகின்றோம்.

நாற்காலிக்கு அடுத்தபடி வேண்டுவது அதிகாரம். சிறு பிழையைத் தாமே திருத்தும் உரிமை சிப்பந்திக்கு இல்லையாயின் அவர் இனிமை பயனற்றது. கிழிந்த துணியைக் கொண்டுவந்த ஒருவரிடம், "மேனேஜர் வரவேண்டும், முதலாளி சொல்லவேண்டும்" என்று மூன்று மாடி ஏறி இறங்கச் செய்தால், நடுவில் எத்தனை புன்சிரிப்பு இருந்தும் என்ன? "விற்ற சரக்கு மாற்றித் தரப்படமாட்டாது" என்று இன்னும் பில்லில் அச்சிடுவோர் இருக்கின்றனர். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதுள்ள சரக்கைப் பில்லில் குறித்த கெடுவுக்குள்ளும், கெடு குறியாதவிடத்து 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறைகேடான வியாபாரம். சட்டமே வழிகாட்டியிருக்க, ஒரு சிறு தொகை வரையில் உடனே மாற்றித் தரும் உரிமையை மேசையில் நிற்பவருக்கே கொடுத்துவிடுவதில் நஷ்டம் என்ன?

விற்பனைக்குத் தரகுபோல் ஊக்கத்தொகை கொடுக்கும் வழக்கத்தையும் எச்சரிக்கையோடு ஆளவேண்டும். விலை மிகுந்த சரக்கை விற்றால் மிகுதியான தொகை என்று வைத்துவிட்டு, உண்மை பேசு என்று சிப்பந்தியிடம் சொல்வது, பசித்தவன் கையில் பலகாரத்தைக் கொடுத்துக் காவலிருக்கச் சொல்வதாகும்.

நாம் கூறியவற்றுக்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் மூன்று. அவற்றுக்கும் விடை கூறுவோம்.

"நம்மவன் திருடமாட்டான், பிறனை எப்படி நம்புவது?" என்பர் சிலர். நம்பிக்கை கணக்கினால் வருவது, குலத்தினால் வருவதன்று. உறவினன் என்று கணக்குக் கேளாமல் விட்ட கடைகள் என்னவாயின என்பதை இவ்வவையிலுள்ள முதியோர் நம்மினும் நன்கு அறிவர். கணக்கைத் திறமையாக வைத்துக்கொள்ளும் கடையில் பிறனும் நம்பத்தக்கவனாகின்றான்.

"வடக்கிலிருந்து வருவோர்க்குத் தமிழ் தெரியாதே" என்பர் வேறு சிலர். உண்மை. தமிழ் தெரியாதவரைக் கற்பிக்காமல் நிறுத்துவது கொள்வோர்க்குச் செய்யும் அவமரியாதை. ஆயின் கற்பித்தால் கற்பவர் அவர். கடைக்கு வேண்டும் சொற்கள் இருநூறு முந்நூறுக்கு மேல் இரா. தமிழ் தெரிந்தும் வாய் திறவாதவரைத் திருத்துவதே கடினம்.

மூன்றாவது ஆட்சேபமே வலியுடையது. "நம்மவர் கடையிலும் நம் பிள்ளைகளுக்கு இடமில்லையென்றால் அவர்கள் எங்கே போவார்கள்? சங்கம் பின் எதற்கு?" என்று ஒரு தாயார் கேட்டால் அதற்கு நாம் என்ன சொல்வோம்? அந்தத் தாயாரின் கவலை நம் கவலையே. ஆயினும் அம்மா, கடிதத்தால் புகுந்த பிள்ளையைக் கடையில் எவரும் மதிப்பதில்லை. உடன் நிற்பவர் அவன் முதுகுக்குப் பின்னே, "சங்கத்து ஆள்" என்று சிரிக்கின்றனர். முதலாளி அவனைக் கண்டிக்கவும் கூசுகின்றார், உயர்த்தவும் கூசுகின்றார். ஐந்தாண்டு கழித்து அக்கடையை விட்டு வந்தால் வேறொரு கடை வாயிலை மிதிக்கும் தகுதி அவனிடம் இல்லை. தகுதியைக் கொடுத்து அனுப்பினால் அவனுக்கு நம்மவர் கடை மட்டுமன்று, ஊரிலுள்ள கடைகள் யாவும் திறந்திருக்கும். அதுவன்றோ சங்கம் செய்யத்தக்க உபகாரம்!

ஆகவே சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம்.

ஒன்று: வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு: அதற்குப் பதிலாக, ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் மூன்று மாதப் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்த வேண்டும். துணி, பாத்திரம், மளிகை, நகை ஆகிய ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது ஆண்டு நின்று ஓய்ந்த பெரியோர் நம்முள் பலர் இருக்கின்றனர். பட்டைத் தொட்டே தரம் சொல்லும் அவர்கள் விரல்களின் அறிவு அவர்களோடு மறைந்துவிடலாகாது. அவர்களே ஆசிரியர் ஆகுக. நம்மவர் கடைகளில் வேலை பார்க்கும் பிற வகுப்பாரும், பிற நாட்டாரும் அவ்வகுப்பில் சேர இடங்கொடுக்க வேண்டும். அவர்கள் கற்றாலும் நம் கடையே செழிக்கும். நம் பிள்ளைகள் அவர்களோடு ஒரு பெஞ்சியில் அமர்ந்து கற்றால், திறமையை எதனால் அளப்பது என்பதை இளமையிலேயே அறிந்துகொள்வார்கள். வகுப்பு முடிந்தபின் தேர்ச்சிச் சான்று கொடுப்போம். அந்தச் சான்றில் பெயரும் தேர்ச்சியும் இருந்தாற் போதும்.

மூன்று: அங்கத்தினராகிய முதலாளிகள், நாளையே தம் கடைக்குச் சென்று, சிப்பந்திகளுக்கு உட்கார இடம் இருக்கின்றதா என்று தாமே பார்க்க வேண்டும். இல்லையாயின் வாங்கிப் போட வேண்டும். போட்டபின், ஒருநாள் தாமே அதில் உட்கார்ந்து, "நீங்களும் உட்காருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத வரையில் அந்த நாற்காலி காட்சிப்பொருளே.

இவற்றுள் பெருஞ்செலவு உடையது எதுவும் இல்லை. ஏற்பதும் மறுப்பதும் இவ்வவையின் உரிமை. சிபாரிசு பற்றிய யோசனை வாக்குக்கு வரும்போது அங்கத்தினர் தத்தம் பிள்ளைகளின் இவ்வாண்டு வேலையை மட்டும் கருதாமல், அவர்கள் நாற்பது வயதில் எங்கே நிற்பார்கள் என்பதையும் கருத வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.